ஐந்து பேர் கையெழுத்து

1910 மார்ச் 31 அன்று வங்காளத்திலிருந்து ஓர் இளைஞர் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். பெயர் சுரேஷ் சக்கரவர்த்தி. நண்பர்கள் அழைப்பது மோனி என்று. அவர் கையில் அரவிந்தர் எழுதிய ஒரு கடிதம் இருந்தது. அதைச் சேர்ப்பிக்க வேண்டிய இடம் மண்டயம் சீனிவாசாச்சாரியாரின் வீடு. அரவிந்தர் சில நாட்களில் ரகசியமாகக் கப்பலேறி வருகிறார், அவர் தங்க ஒரு வீடு பார்க்க வேண்டும். மோனி வந்த வேலை அவ்வளவுதான். ஊரில் இருந்தவர்களோ இந்தப் பையன் போலீஸ் ஆளாக இருப்பானோ என்று சந்தேகப்பட்டார்கள். வீடு பார்த்தாகிவிட்டதா என்று அவர் கேட்கும்போதெல்லாம் ஏற்பாடு நடக்கிறது என்ற பதில்தான் வந்தது. எந்த ஏற்பாடும் அவர் கண்ணில் படவில்லை. ஏப்ரல் 4 அன்று 'துய்ப்ளெக்ஸ்' கப்பல் வந்து நின்றது. அதற்குச் சற்று முன்புதான் கோமுட்டித் தெருவில் கலவை சங்கர செட்டியாரின் மாடி தயாராக இருப்பது மோனிக்குத் தெரியவந்தது.

புதுச்சேரியில் ஒண்டியாக வந்து வீடு தேடியவர்களின் வரலாற்றை எழுதப் புகுந்தால் இந்தச் சம்பவத்தில் தொடங்குவது பொருத்தம். காலி வீடு இல்லாமல் மோனி அலைக்கழியவில்லை. அவரை இன்னாரென்று சொல்ல ஆள் இல்லாததால்தான் அலைக்கழிந்தார். ஆள் கிடைத்ததும் வீடும் கிடைத்துவிட்டது. இன்று காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஒரு மாணவி லாஸ்பேட்டையில் 'டூலெட்' போர்டு பார்த்துப் படியேறும்போதும் கிட்டத்தட்ட இதுவேதான் நடக்கிறது. தனி வீடு, தன் சாவி, தன் அடுப்பு என்ற வாழ்க்கையைச் சம்பளத்தின் விளைவாகவோ மனத்துணிவின் விளைவாகவோ சொல்வது நமக்குப் பழக்கம். புதுவையின் நூற்றுப் பதினைந்து ஆண்டு அனுபவத்தில் அதற்கு முன்னால் வேறொன்று நிற்கிறது: பொறுப்பேற்க யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி.

மோனிக்கு இரண்டு ஆண்டுகள் முந்தியே பாரதிக்கு இது நேர்ந்தது. 1908-ல் சென்னையில் 'இந்தியா' இதழின் சட்டப்பூர்வ ஆசிரியர் எம். சீனிவாசன் கைதானதும், அடுத்த வாரண்டு தமக்குத்தான் என்று தெரிந்து பாரதி பிரெஞ்சு எல்லைக்குள் வந்தார். நண்பர் ஒருவரின் கடிதத்தோடு வந்து இறங்கிய இடம் குப்புசாமி ஐயங்கார் வீடு. பிரிட்டிஷ் போலீஸ்காரர்கள் ஐயங்காரிடம் போய் மிரட்டத் தொடங்கினார்கள். அவர் சாது, விருந்தாளியை வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டார். அவரைக் கோழை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் தெருவில் நாள் முழுவதும் இரண்டு பேர் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு குடும்பஸ்தர் என்ன செய்வார்? பாரதிக்கு அப்போது கைகொடுத்தவர்கள் குவளை கிருஷ்ணமாச்சாரியும் சுந்தரேசய்யரும். இவர்களில் முன்னவரைத்தான் பாரதியின் கவிதை வழியே குவளைக்கண்ணன் என்று தமிழுலகம் அறியும். ஊரில் பெரிய செல்வாக்கு உள்ளவர்கள் என்று சொல்ல முடியாது. ஊர்க்காரர்கள் என்பதே அவர்களுடைய தகுதி.

அதன்பின் ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி குடும்பத்தோடு வாடகைக்கு இருந்தார். அந்த வீட்டுக்காரரை 'விளக்கெண்ணெய்ச் செட்டியார்' என்ற பட்டப்பெயரோடு எழுத்தாளர் வ.ரா. பாரதியைப் பற்றிய தம் நூலில் நிலைநிறுத்திவிட்டார். வாடகை கேட்க வருவாராம், பாட்டுக் கேட்டுவிட்டுப் போய்விடுவாராம். வாடகைக்கு இருக்கும் எந்த எழுத்தாளருக்கும் கண்ணில் நீர் வரவழைக்கும் செய்தி. வாடகை பாக்கியைப் பொறுத்துக்கொண்டதைவிட, போலீஸ் கண்காணிப்பில் இருந்த ஒருவருக்கு வீட்டைக் கொடுத்ததும், கொடுத்த பின் காலி செய்யச் சொல்லாததும்தான் அவர் செய்த பெரிய காரியம் என்பது என் எண்ணம். செட்டியாரின் இயற்பெயரைவிடப் பட்டப்பெயரே நிலைத்தது சற்று அநியாயம்தான்.

சாட்சி சொல்லும் இந்தப் பழக்கத்தைப் பிரெஞ்சு நிர்வாகம் சட்டமாகவே ஆக்கியது. 1911-ஐ ஒட்டிய நெருக்கடிக் காலத்தில், பிரிட்டிஷாரின் வற்புறுத்தலால், வெளியூரிலிருந்து வந்து தங்குவோர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற விதி வந்தது. சொந்த ஊர் அதிகாரியின் சான்றிதழ் வேண்டும்; இல்லாவிட்டால் புதுச்சேரியின் மதிப்புக்குரிய ஐந்து பேர் கையெழுத்திட்டு இவரை அறிவோம் என்று சொல்ல வேண்டும். தேடப்படும் ஆளுக்குச் சொந்த ஊர் அதிகாரி எங்கிருந்து சான்றிதழ் தருவார்? அகதிகளை வெளியேற்ற இதுவே போதும் என்று பிரிட்டிஷ் தரப்பு நம்பியிருக்கும். சங்கர செட்டியார் தம் கையெழுத்தோடு ஊர்ப் பிரமுகர்கள் நால்வரின் கையெழுத்தையும் சேர்த்துக் கொடுத்தார். ஐந்து மையொப்பங்கள், அவ்வளவில் அரவிந்தர் புதுச்சேரிவாசி ஆனார். அந்தக் கையெழுத்துக்காரர்களில் பலருக்கு அவருடைய அரசியலோ தத்துவமோ பெரிதாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. செட்டியார் சொன்னார், போட்டார்கள்.

கையெழுத்துப் போட்டவர் தலையில் என்ன வந்து விழக்கூடும் என்பதற்கும் அதே காலத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1910-ல் புதுவை வந்த வ.வே.சு. ஐயரின் வீட்டுக் கிணற்றில் யாரோ பொய்க் கடிதங்களை அடைத்து ஒரு பாத்திரத்தைப் போட்டுவைத்தார்கள். தண்ணீர் இறைக்கப் போன வேலைக்காரப் பெண்ணின் வாளியில் அது சிக்கியது. அரவிந்தரின் யோசனைப்படி ஐயர் தரப்பினரே அதைப் பிரெஞ்சுப் போலீசிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். விசாரணை நீதிபதி அரவிந்தரின் வீட்டையும் சோதனையிட வந்தார். கிரேக்க, லத்தீன் புத்தகங்களைக் கண்டு மரியாதையோடு திரும்பினார் என்பது பலரும் எழுதியிருக்கும் கதை. வாடகை வீட்டின் கிணறும் அலமாரியும் ஒருவரின் நடத்தைக்குச் சாட்சியாக நின்ற காலம் அது.

தெருவும் வீடும் கட்டப்பட்ட விதத்திலும் இந்தச் சாட்சி வழக்கத்துக்கு வேர் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் சில ஆண்டுகள் ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள் வரைந்த கட்டம் போட்ட வரைபடமே நகரத்துக்கு அடிப்படை. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே தமிழர். மேற்கிலும் தெருவுக்கொரு சாதி, தெருவுக்கொரு தொழில். செட்டித் தெரு, கோமுட்டித் தெரு, வெள்ளாழர் வீதி, வைசியாள் வீதி, கொசக்கடை வீதி என்ற பெயர்கள் இன்னும் அந்தக் கணக்கைச் சொல்கின்றன. இப்படி அமைந்த ஊரில் முன்பின் தெரியாத ஒருவர் வீடு கேட்பது ஒரு வீட்டுக்காரரோடு மட்டும் முடிகிற பேச்சாக இருக்க முடியாது. தெருவே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வைசியாள் வீதியில் இன்டாக் அமைப்பு புதுப்பித்த பழைய வீடுகளின் வரிசையைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். தெருவைப் பார்த்த தாழ்வாரம், அதற்குள் திண்ணை, கதவு தாண்டி முற்றம், முற்றத்தைச் சுற்றிக் கூடம், பின்கட்டில் சமையலறை, கிணறு. கூட்டுக் குடும்பத்துக்கு மிக நேர்த்தியான அமைப்பு. ஒற்றை ஆளுக்கு இதில் எங்கே இடம்? ஆணாக இருந்தால் திண்ணை, இல்லையென்றால் மாடி. பெண்ணாக இருந்தால் பின்கட்டு, அதுவும் அந்த வீட்டு உறவாக இருந்தால். தாழிட்டுக்கொள்ளும் தனி அறை, தனி வாசல், தனி அடுப்பு என்பதற்கு அந்தக் கட்டட அமைப்பில் வழியே கிடையாது. கோமுட்டித் தெருவில் அரவிந்தருக்கு மாடி கிடைத்தது ஒளிந்திருக்க வசதியாகத்தான். ஆனால் வெளியாளை வைக்கிற இடமும் மாடிதான். மாடி போர்ஷன் என்ற இன்றைய சொல்லுக்கு அங்கே ஒரு மூதாதை இருக்கிறது.

அந்த மாடியிலிருந்து இறங்கிய அரவிந்தருக்கு 1910 அக்டோபரில் சுஃப்ரேன் வீதியில் ஒரு வீடு. அடுத்த ஆண்டு செயின்ட் லூயி வீதி. 1913 ஏப்ரலில் மிஷன் வீதி. அதே ஆண்டு அக்டோபரில் பிரான்சுவா மர்த்தேன் வீதி. மூன்று ஆண்டுகளில் இத்தனை குடிமாற்றம். கூட இருந்தவர்கள் இருபது வயதையொட்டிய வங்காள இளைஞர்கள். வீட்டை விட்டு வந்து முதன்முதலாகத் தனிக்குடித்தனம் நடத்தியவர்கள். அவர்களில் நளினி காந்த குப்தா பின்னாளில் எழுதிய நினைவுகள், புதுவையில் கல்யாணமாகாத பையன்கள் சேர்ந்து குடித்தனம் நடத்தியதற்குக் கிடைக்கும் முதல் விரிவான சாட்சியம் என்றே சொல்லலாம். ஆளுக்கொரு பாய். அதுவேதான் மெத்தையும் போர்வையும் தலையணையும். கொசு தாங்காவிட்டால் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார்கள், அங்கே கொஞ்சம் காற்று வரும். அரவிந்தருக்கு மட்டும் ஒரு நாற்காலி, மேசை, மடக்குக் கட்டில். குளிக்கத் திறந்த முற்றத்தில் ஒரு குழாய். துண்டு எல்லாருக்கும் ஒன்றே. மற்றவர்கள் துவட்டிய பின் ஈரத் துண்டை அரவிந்தர் கடைசியாக எடுத்துக்கொள்வாராம். சமையலைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். சோறு வடிப்பது நளினி, ஏனெனில் அதுதான் சுலபம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பருப்பு மோனி பொறுப்பு. காய்கறி, குழம்பு வகை அவர்களில் கைதேர்ந்தவரான பிஜய்க்கு.

இத்தனை சிக்கனத்திலும் புத்தகத்துக்கு மாதம் பத்து ரூபாய் ஒதுக்கினார்கள். அலமாரி கிடையாது, வாங்கியவை தரையில் வரிசையாக நின்றன. இதை எளிய வாழ்க்கையின் அழகு என்று இன்று பளபளப்பான தாளில் அச்சிட்டு விற்க முடியும். அவர்களுக்கோ அது கையில் காசில்லாத நிலை. இன்னொரு பிரெஞ்சு ஊரான சந்திரநாகூரில் இருந்த மோதிலால் ராய்க்கு அரவிந்தர் எழுதிய கடிதங்களில் கடனும் நாளைச் செலவும் பற்றிய கவலை வெளிப்படையாகவே இருக்கிறது. ஒரு துண்டு போதும் என்று தேர்ந்துகொள்வதும், இரண்டாவது துண்டு வாங்க முடியாததும் வேறு வேறு. எளிமையைக் கொண்டாடும் எழுத்துகள் பெரும்பாலும் இந்த இடத்தில் நழுவிவிடுகின்றன.

இந்த இளைஞர்கள் ஊரோடு ஒட்டியது எப்படி என்றால், கால்பந்து. உள்ளூரின் செர்க்கிள் ஸ்போர்த்திஃப் சங்கத்தில் சேர்ந்து ஆடினார்கள். மைதானத்தில் பழகிய பையன்களும் அவர்களுடைய வீட்டாரும் மெல்லத் தெரிந்தவர்கள் ஆனார்கள். ஐந்து பிரமுகர்களின் கையெழுத்து சட்டத்துக்குப் போதும். தெருவில் நடமாட, கடனுக்கு அரிசி வாங்க, கால்பந்து வேண்டியிருந்தது.

ஒற்றை ஆள் வசிக்கும் அறை என்பதையே நோக்கமாகக் கொண்டு இந்த ஊரில் எழுந்த ஒரு கட்டடம் உண்டு. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிதான் அது. ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நிஜாம் அரசிடமிருந்து கிடைத்த ஒரு லட்ச ரூபாயில் தொடங்கியதால் அந்தப் பெயர். டோக்கியோவில் தொழில் செய்துவந்த செக் நாட்டுக்காரர் அந்தோனின் ரேமண்ட் வரைந்தார். அவரிடம் வேலை பார்த்த ஜார்ஜ் நகாஷிமாவும் பிரான்டிஷேக் சாமரும் இங்கே தங்கிக் கட்டினார்கள். 1937-ல் தொடங்கிய வேலை போர்க்காலம் முழுவதும் நீண்டு 1940களின் நடுவில்தான் முடிந்தது. இந்தியாவின் தொடக்ககாலக் கான்கிரீட் கட்டடங்களில் இதற்குத் தனி இடம் உண்டு. பித்தளைப் பொருத்துகளுக்கு உலோகம் கிடைக்காதபோது அடியார்கள் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவற்றை உருக்கிக் கீல்களும் கைப்பிடிகளும் வார்த்தார்கள். கூட்டுக் குடும்பத்து அண்டாவும் குண்டானும் தனியறைக் கதவின் கைப்பிடியானது எனக்குப் பிடித்த செய்தி. ஆசிரமத்தார் இதை இந்தக் கோணத்தில் பார்க்கமாட்டார்கள் என்பது தெரியும்.

அறைக்குள் ஒரு கட்டில், மேசை, பொருள் வைக்கும் தட்டுகள், எல்லாம் கட்டடத்தோடு சேர்த்தே வடிவமைக்கப்பட்ட தேக்கு வேலை. தரையில் கறுப்புக் கடப்பைக் கல். கண்ணாடிச் சன்னல் ஒன்றுகூட இல்லை. வெளிச் சுவருக்குப் பதிலாகத் திருப்பக்கூடிய கான்கிரீட் பலகைகள் மேலிருந்து கீழ்வரை அடுக்காக நிற்கின்றன. தாழ்வாரத்தைப் பார்த்த பக்கம் இடைவெளிவிட்டுச் செய்த தேக்குத் தள்ளுகதவு. கதவைச் சாத்தினாலும் காற்று குறுக்கே ஓடும், ஆள் தெரியமாட்டார். மொட்டை மாடித் தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள் இன்னோர் அடுக்காகக் கவிழ்ந்திருப்பதால் வெயில் நேராகத் தளத்தில் இறங்காது. வெயில் காலத்துப் புதுவையில் பிற்பகல் கடல்காற்று வரும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதன் அருமை புரியும். தனிமையும் காற்றோட்டமும் ஒன்றுக்கொன்று எதிரி என்பதே நம் ஊர் வாடகை அறைகளின் நிரந்தர அனுபவம். சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கண், மூடினால் புழுக்கம். எண்பது ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்ட இந்தக் கட்டடத்திலிருந்து லாஸ்பேட்டை மேஸ்திரிகள் ஒரு பலகையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே தங்கவும் ஆசிரமத் தொடர்பு வேண்டும், கட்டுப்பாடுகளை ஏற்க வேண்டும். இங்கும் சிபாரிசு உண்டு.

1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் இணைந்த பிறகு ஊருக்குப் புதியவர்கள் வரும் காரணங்கள் மாறின. 1823-ல் தொடங்கிய பிரெஞ்சு மருத்துவப் பள்ளியின் வாரிசாகக் கோரிமேட்டில் ஜிப்மர் வளர்ந்தது. 1985-ல் காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம் வந்தது. 1989-ல் நாட்டார் வழக்காற்றியல் பேராசிரியராக அழைக்கப்பட்ட கி. ராஜநாராயணன் இடைசெவலிலிருந்து குடிபெயர்ந்து, 2021-ல் காலமாகும்வரை புதுவைக்காரராகவே இருந்தார். எதிர்த்திசையில் போனவர் பிரபஞ்சன். புதுவையில் பிறந்து, சென்னையின் மேன்ஷன் அறைகளில் ஒற்றை ஆளாக எழுதிக் காலம் கழித்தவர். திருவல்லிக்கேணி போல மேன்ஷன் தெருக்கள் புதுவைக்கு வாய்க்கவில்லை. இங்கே வந்தவர்களுக்கு விடுதி, அது கிடைக்காவிட்டால் மாடி போர்ஷன். முத்தியால்பேட்டை, லாஸ்பேட்டை, சாரம், ரெட்டியார்பாளையம், கோரிமேடு என்று பழைய நகரத்தைச் சுற்றி அரைவட்டமாக வளர்ந்த பகுதிகளில் கீழே வீட்டுக்காரர், மேலே ஒரு ரூம் கிச்சன்.

வீடு தேடும் படலத்துக்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது. ஆடியில் யாரும் குடி போகமாட்டார்கள், மார்கழியிலும் அப்படியே. ஆகவே ஆனி முடிவதற்குள் அவசரம், ஆவணியில் நெரிசல், தையில் மறுபடி. கல்லூரிச் சேர்க்கையோ பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை. ஆடியில் வீடு கேட்டு வரும் மாணவருக்கு நல்ல போர்ஷன் குறைந்த பேரத்தில் கிடைக்கும் என்பது புரோக்கர்கள் சொல்லும் உண்மை. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கமிஷன். ஆடியில் பால் காய்ச்ச வேண்டாம் என்று வீட்டுக்கார அம்மா சொல்லிவிடுவார். சாமானை மட்டும் வைத்துக்கொண்டு ஆவணி முதல் தேதி காய்ச்சினால் போதும்.

கேள்விகளுக்கும் ஒரு வரிசை உண்டு. "எந்த ஊரும்மா?" "திண்டிவனம் பக்கம், ஆன்ட்டி." "அப்பா என்ன பண்றாரு?" "டீச்சரா இருந்து ரிட்டயர் ஆயிட்டாரு." "இங்க யாரைத் தெரியும்?" இந்த மூன்றாவது கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. மாமா ஒருவர் மின்துறையில் இருக்கிறார், துறைத் தோழியின் அக்கா நெல்லித்தோப்பில் இருக்கிறார் என்று ஒரு பெயர் வந்தால் வீட்டுக்கார அம்மாவின் குரல் இறங்கிவிடும். அந்தப் பெயர் வராவிட்டால், "சொல்லி அனுப்புறோம்மா." வெஜ்ஜா நான்வெஜ்ஜா என்று கேட்பது பல இடங்களில் சாதியைக் கேட்காமல் கேட்கும் வழி. மீன் வாசனை இல்லாத புதுவைத் தெரு எங்கே இருக்கிறது என்று பதிலுக்குக் கேட்க வீடு தேடுபவருக்கு உரிமை இல்லை. ஆண்களிடம் குடிப்பழக்கம் பற்றிக் கேட்பார்கள். மதுக்கடை மலிந்த ஊரில் அது நியாயமான கேள்விதான். பெண்களிடம் யார் வந்துபோவார்கள் என்று கேட்பார்கள். கல்யாணமாகாத பையனுக்கு 'பேச்சுலர்' என்று ஒரு வகையாவது உண்டு, பெயர்ப்பலகையிலேயே இடம் உண்டு. வேலைக்குப் போகும் ஒற்றைப் பெண்ணுக்கு அந்தப் பெயரும் கிடையாது. அவரை லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போகச் சொல்வார்கள். ஹாஸ்டலில் அடுப்பு வைக்க முடியாது, கேட்டை ஒன்பதுக்கோ ஒன்பதரைக்கோ பூட்டிவிடுவார்கள்.

இத்தனையும் தாண்டிச் சாவி கைக்கு வந்த பின் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மகாத்மா காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சண்டே மார்க்கெட்தான் புதுக் குடித்தனக்காரர்களுக்குச் சீர் கொடுக்கும் தாய்வீடு. வாளி, மக், கோரைப்பாய், தலையணை உறை, சன்னலுக்குத் திரையாகும் வெட்டுத்துணி, கம்பி ஹேங்கர், எல்லாம் ஒரே தெருவில். கடைசியில் நடைபாதையில் பரப்பிய பழைய புத்தகங்களிடம் வந்து நின்றால் மிச்சப் பணமும் போகும். கேஸ் இணைப்புக்கு முகவரிச் சான்று வேண்டும் என்பது முன்பு பெரிய முட்டுக்கட்டை. ஐந்து கிலோ சின்ன சிலிண்டரை அடையாள அட்டை மட்டும் காட்டி வாங்கலாம் என்று ஆனபின் அது தளர்ந்தது. 2020 இறுதியில் இந்தியன் ஆயில் அதற்குச் 'சோட்டு' என்று பெயரும் வைத்தது. ஒருவர் சமைத்துச் சாப்பிட அந்தச் சிலிண்டர் போதும். பெரிய மார்க்கெட்டில் கால் கிலோ வெண்டைக்காய், நூறு இஞ்சி பூண்டு என்று கேட்க முதலில் கூச்சமாக இருக்கும். இரண்டு வாரத்தில் கடைக்காரம்மாவே அளவு தெரிந்து போடத் தொடங்கிவிடுவார். கறிவேப்பிலை கொசுறாக வரும் நாளில் ஒருவர் அந்த ஊர்க்காரர் ஆகிறார் என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

தண்ணீர் வேறு பாடம். நகரத்துக்கு நல்ல தண்ணீர் முத்திரையர்பாளையத்திலிருந்து வந்தது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அதைக் கொண்டுவந்ததன் நினைவாகத்தான் பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் நிற்கிறது. கடலோரப் பகுதிகளில் நிலத்தடியில் உப்பு ஏறிவிட்டது. போர் தண்ணீரைக் கொதிக்க வைத்த பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை படிவதைப் புதுக் குடித்தனக்காரர்கள் முதல் மாதத்திலேயே பார்ப்பார்கள். வினிகரோ புளியோ போட்டு ஊறவைத்துத் தேய்த்தால் போகும். குடிக்க இருபது லிட்டர் கேன். மாடிக்கு அதைத் தூக்கிவர ஆள் வேண்டும், இல்லாவிட்டால் தோள் வேண்டும். வாடகைக்கு வருபவர்கள் மழையைப் பற்றிக் கேட்பதில்லை, கேட்டாக வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுவையில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் கீழ் வீடுகளில் தண்ணீர் புகுவது புயலுக்குக் காத்திராத வழக்கம். மாடியில் குடியிருந்த ஒற்றை ஆட்கள் அந்த இரவில் கீழ்வீட்டாருக்கு இடம் கொடுத்தார்கள். சாட்சி கேட்டு வீடு கொடுத்தவர்கள் அரிசி மூட்டையோடு மேலேறி வந்ததைப் பல தெருக்களில் சொல்கிறார்கள்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அது புதுவைக்குப் பொருந்தாது. புதுவைக்குத் தனியாக 1969-ன் கட்டடங்கள் குத்தகை, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. நியாய வாடகை நிர்ணயிக்கவும், காரணமின்றிக் காலி செய்யச் சொல்வதைத் தடுக்கவும் அதில் வழி உண்டு. மாடி போர்ஷனில் இருப்பவர்கள் யாரும் அந்த வழியில் போவதில்லை. அவர்களுக்குத் தெரிந்த சட்டம் பதினொரு மாத அக்ரிமென்ட். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லும் பதிவுச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் 1908-ல் இயற்றப்பட்டது. பாரதி எல்லை தாண்டி வந்த அதே ஆண்டு. அதைத் தவிர்க்கப் பதினொன்று என்ற எண் பிறந்தது. பதினொரு மாதத்துக்கு ஒருமுறை வாடகை ஏறும், வீட்டுக்காரருக்கு மனம் மாறினால் வெளியேறவும் வேண்டியிருக்கும். அக்ரிமென்டோடு ஆதார் நகல், போட்டோ, காவல் நிலையத்துக்கான வாடகைதாரர் படிவம், உள்ளூர்த் தெரிந்தவர் பெயரும் கைபேசி எண்ணும். ஐந்து பேர் ஒருவராகக் குறைந்திருக்கிறார்கள். 2021 ஜூன் 2-ல் மத்திய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது; வீட்டுக்காரர் உள்ளே வர 24 மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும் என்கிறது. தெரிந்தவர் யாரும் இல்லாத ஒருவர் எப்படி வீடு பெறுவது என்ற இடத்தில் அதுவும் மௌனம்.

இது நம் ஊர்ப் பிற்போக்கு என்று முடிவுகட்டுபவர்கள் ஜப்பானைப் பார்க்கலாம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே 38 சதவீதக் குடும்பங்கள் ஒற்றை ஆள் குடும்பங்கள். அங்கும் வாடகை வீட்டுக்குப் பிணை நிற்க ஒருவர் வேண்டும், பெரும்பாலும் பெற்றோர் அல்லது உடன்பிறந்தவர். வயதாகி உறவு அற்றுப்போனவர்கள் பெருகியதும் கட்டணம் வாங்கிக்கொண்டு பிணை நிற்கும் கம்பெனிகள் வந்தன. தனி ஆள் பிணை நிற்பதானால் அதன் உச்சவரம்பை எழுத்தில் சொல்ல வேண்டும் என்று 2020 ஏப்ரல் முதல் சிவில் சட்டமே மாறியது. பிரான்சிலும் பிணையாள் இல்லாமல் வீடு கிடைப்பது கடினம். 2016-ல் அங்கே 'விசால்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். இளைஞர்களுக்குக் கட்டணமின்றி ஓர் அமைப்பே பிணை நிற்கிறது, வாடகை தவறினால் வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டுப் பின்னர் வாங்கிக்கொள்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பங்கள் புதுவையில் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளை பாரிஸ் புறநகரில் அறை எடுக்கும்போது அந்த நாட்டு அமைப்பு அவருக்குப் பிணை நிற்கும். அவருடைய பள்ளித் தோழிக்கு லாஸ்பேட்டையில் மாமா ஒருவர் வேண்டும்.

பல்கலைக்கழகமும் ஜிப்மரும் தம் மாணவர்களுக்கு, பெரிய நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்கு, இந்தப் பொறுப்பை ஏற்றுக் கடிதம் தரலாம் என்ற யோசனை நல்லதுதான். பணத்துக்கு அது போதும். வீட்டுக்கார அம்மாவுக்குப் பணம் ஒரு பாதிக் கவலை. மறுபாதி, எதிர்வீட்டுக்காரி காலையில் கோலம் போட வரும்போது "மாடிக்கு யாரு வந்திருக்காங்க?" என்று கேட்பது. "யூனிவர்சிட்டில லெட்டர் கொடுத்திருக்காங்க" என்று சொன்னால், "அதுசரி, யாரு வீட்டுப் பொண்ணு?" என்பாள் அவள்.